கரன்ட் போச்சா? இருக்கவே இருக்கு ‘மீன்சாரம்’!

இன்டர்னல், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ் பஞ்சாயத்து எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாரம் கொஞ்சம் ஈரமான மேட்டர்!

மூணாவது பீரியட். கடைசி பெஞ்ச். பாதித் தூக்கத்துல இருக்கீங்க. பாக்கெட்ல போன் அதிருது. அம்மா!

“டேய், காலைல ஒன்பது மணிக்குப் போன கரன்ட் இன்னும் வரலடா. உன் மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. பார்க்கவே பாவமா இருக்கு. என்னடா பண்ணட்டும்?”

சொல்லுங்க, என்ன பதில் சொல்வீங்க? ‘வந்துடும்மா’ன்னா? எப்ப வரும்னு உங்களுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, மீனுக்கு சுத்தமா தெரியாது. காலேஜுக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு பஸ். நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அங்கே கதை முடிஞ்சிருக்கும். மீன் தொட்டி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் ரெடி பண்ணி வெக்கணும். அதுக்குத்தான் இந்த வாரப் பக்கம்.

கடைக்குப் போனா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, ‘எத்தனை வாட்ஸ் இன்வெர்ட்டர் வாங்கலாம்ணே?’ அங்கேதான் ரூட் மாறுது. நீங்க கேட்க வேண்டிய கேள்விகள் வேற. எத்தனை மணி நேரம் தாங்கணும்? அந்த நேரத்துல வீட்ல யார் இருப்பாங்க? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா, என்ன வாங்கணும்னு தானா தெரிஞ்சிடும். பெரும்பாலும் பர்ஸும் பிழைச்சிடும்!

மீனுக்கு வேண்டியது காத்து, கரன்ட் இல்லை!

தொட்டியில என்னென்ன மாட்டியிருக்கீங்க? கலர் கலரா லைட், ஃபில்டர், ஏர் மோட்டார். ஊட்டி, கொடைக்கானல் பார்ட்டியா இருந்தா ஹீட்டரும் இருக்கலாம். கரன்ட் போனா இதெல்லாம் ஒரே நேரத்துல நின்னுடும். ஆனா, எல்லாத்தையும் காப்பாத்தணும்னு அவசியமே இல்லை.

லைட் இல்லைன்னா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. இருட்டுல அது சும்மாதான் இருக்கும், உங்களுக்குத்தான் போரடிக்கும். ஃபில்டர் நின்னாலும் சில மணி நேரத்துக்குப் பெரிய ஆபத்து கிடையாது. அவசரமா வேண்டியது ஒண்ணே ஒண்ணு... ஆக்ஸிஜன்.

ஒரு சின்ன கெமிஸ்ட்ரி. நாம சுவாசிக்கிற ஒரு லிட்டர் காத்துல 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் இருக்கு. 25 டிகிரி செல்சியஸ்ல இருக்கிற ஒரு லிட்டர் நல்ல தண்ணி, காத்துலேர்ந்து எடுத்து வெச்சுக்க முடியுற ஆக்ஸிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான்! தண்ணி 30 டிகிரிக்கு சூடானா அதுவும் ஏழரையா இறங்கிடும். கொடுமை என்னன்னா, சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவை அதிகமாகும். கடையில சரக்கு குறையுது, கியூ மட்டும் நீளுது. அதனாலதான் மே மாசத்து மத்தியான பவர் கட், டிசம்பர் மாசத்து ராத்திரி பவர் கட்டைவிட டேஞ்சர்.

இன்னொரு விஷயம். ஏர் மோட்டார் விடுற முட்டையிலேர்ந்து நேரா தண்ணில கரையுற ஆக்ஸிஜன் கம்மி. அந்த முட்டைங்க மேல வரும்போது தண்ணியைக் கலக்கி விடுது பாருங்க, அதுதான் மெயின் வேலை. அடித் தண்ணி மேல வந்து காத்தைத் தொட்டுட்டுப் போகுது. ஸோ, மேல்பரப்பு அசைஞ்சுக்கிட்டே இருந்தா போதும், மீன் பிழைச்சுக்கும். இந்த வேலையைச் செய்யற ஏர் மோட்டார் சாப்பிடறது 2 வாட்லேர்ந்து 5 வாட் வரைக்கும்தான். ஒரு நைட் லேம்ப் அளவு! பேக்கப் எடுக்க வேண்டியது இந்தக் குட்டி மோட்டாருக்கு மட்டும்தான்.

எத்தனை மணி நேரம்?

நம்ம ஊர்ல கரன்ட் போறது மூணு விதம்.

முதல் வகை, பத்து நிமிஷத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம். டிரான்ஸ்ஃபார்மர்ல டமார் சத்தம் கேட்கும், தெருவே ‘ஓ’ன்னு கத்தும், கொஞ்ச நேரத்துல வந்துடும். 2012-ல சென்னைக்குத் தினமும் 2 மணி நேரம் கட் இருந்துச்சே, அந்த டைப். (அப்ப மத்த மாவட்டத்துக்காரங்க பட்ட பாடு இதுக்கும் பல மடங்கு மேல!) மீன் கூட்டம் கம்மியா இருக்கிற தொட்டி இந்த ரெண்டு மணி நேரத்தை எந்த பேக்கப்பும் இல்லாம தாண்டிடும்.

ரெண்டாவது, ‘மாதாந்திர பராமரிப்புப் பணி காரணமாக...’ன்னு பேப்பர்ல வருமே, அது. காலைல ஒன்பது மணிக்குப் போனா மத்தியானமோ சாயங்காலமோதான் வரும். நீங்க காலேஜ்ல இருக்கிற அதே நேரம். மீன் வளர்க்கிறவங்களை அடிக்கடி அழ வைக்கிறது இதுதான். ஆனா, முன்கூட்டியே அறிவிச்சுட்டு வர்ற ஒரே எதிரியும் இதுதான்!

மூணாவது, புயல். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா வந்தப்ப சென்னையில பல ஏரியாக்கள் நாள்கணக்குல இருட்டுல கிடந்தது. 2018 நவம்பர்ல கஜா டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டப்ப, பல கிராமங்களுக்கு கரன்ட் வர வாரக்கணக்குல ஆச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் சென்னையில வெள்ளம் நின்ன இடங்கள்ல இதே கதைதான்.

ரெண்டாவது வகையைச் சமாளிக்க ஒரு செட்டப் வாங்குங்க. அதையே மூணாவது வகைக்கு நீட்டிக்க ஒரு வழி வெச்சுக்குங்க. இதுதான் பிளான்.

கடைக்குப் போலாமா?

1. பேட்டரி ஏர் மோட்டார்: பெரிய டார்ச் பேட்டரி ரெண்டு போட்டு ஓடுற சிம்பிள் ஐட்டம். கரன்ட் போனதும் தானா ஸ்டார்ட் ஆகுற மாடலும் இருக்கு. பிளக்ல மாட்டியே வெச்சிருந்தா, சப்ளை நின்ன உடனே ‘டர்ர்ர்’னு கிளம்பிடும். இதுல ஒரே தொல்லை, சும்மாவே உள்ள கிடக்கிற பேட்டரி ஒரு நாள் ஒழுகி, கனெக்‌ஷன் துருப்பிடிச்சுடும். மாசம் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.

2. ரீசார்ஜபிள் ஏர் மோட்டார்: உள்ளேயே லித்தியம் பேட்டரி இருக்கும். கரன்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், போனதும் தானா மாறிக்கும். காலேஜ் பார்ட்டிகளுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். டப்பா மேல போட்டிருக்கிற மணிக்கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீங்க. லீவு நாள்ல ஃபுல் சார்ஜ் போட்டு, நிக்கிற வரைக்கும் ஓட விட்டு, நீங்களே டைம் பாருங்க. அந்த நம்பரை மோட்டார் மேலேயே எழுதி ஒட்டிடுங்க.

3. யூ.எஸ்.பி. ஏர் மோட்டார் + பவர் பேங்க்: பட்ஜெட் பத்மநாபன்களுக்கு! பவர் பேங்க் ஏற்கெனவே உங்க பையில இருக்கு. 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்ல நிஜமா கைக்கு வர்றது 30 வாட்-ஹவருக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. ஒன்றரை வாட் மோட்டாருக்கு அது 20 மணி நேரம் வரைக்கும் வரும்! ரெண்டு விஷயம் கவனிங்க. சில பவர் பேங்க், இழுக்கிற கரன்ட் ரொம்பக் கம்மியா இருந்தா ‘போன் ஃபுல் ஆயிடுச்சு’ன்னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடும். வீட்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காம நம்பாதீங்க. அப்புறம், இந்தக் குட்டி மோட்டாருக்கு ஆழமான தொட்டியில அடி வரைக்கும் காத்து தள்ள தம் பத்தாது. கல்லை அடியில போடாம, பாதி ஆழத்துல தொங்க விடுங்க. முட்டை தாராளமா வரும்.

4. கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.: ‘மூலையில சும்மாதானே கிடக்கு’ன்னு ஐடியா தோணும். வீட்டு யூ.பி.எஸ்.ல பொதுவா இருக்கிறது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அதாவது 84 வாட்-ஹவர். 5 வாட் மோட்டாருக்கு 16 மணி நேரம் வரணும்னு கால்குலேட்டர் சொல்லும். ஆனா, யூ.பி.எஸ். தன்னை ஓட்டிக்கவே மோட்டாரைவிட அதிகமாச் சாப்பிடும். அதனால அந்தக் கணக்குல சின்னப் பங்குதான் கைக்கு வரும். பேட்டரி பழசா இருந்தா அதுவும் இல்லை. ‘கீ... கீ...’ன்னு அது போடுற சத்தத்துல வீட்ல உங்களுக்குத் திட்டு விழும். கம்ப்யூட்டரை ஷட்-டவுன் பண்ண அஞ்சு பத்து நிமிஷம் டைம் கொடுக்கிறதுதான் அதோட தொழில். அதை விட்டுடுங்க, பாவம்!

5. வீட்டு இன்வெர்ட்டர்: இதுக்காகப் புதுசா வாங்கவே வேண்டாம். ஆனா, ஏற்கெனவே இருந்தா ஜாக்பாட். ஒரு பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். அது ரெண்டு மணி நேரத்துல குடிக்கிற சார்ஜ்கூட, 5 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் ஆகாது. சிக்கல் எங்கேன்னா, பல வீடுகள்ல இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் போயிருக்கும். தொட்டி இருக்கிற பிளக் பாயின்ட் அதுல இருக்காது. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாத்தச் சொல்லுங்க. வேலை முடிஞ்சுது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா மோட்டார் கொஞ்சம் உறுமும், சூடாகும். சைன் வேவ்னா அந்தக் கவலை இல்லை.

வீட்ல யார் இருப்பாங்க?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. கரன்ட் போறப்ப நீங்க வீட்ல இருக்கீங்கன்னா பவர் பேங்க் போதும். எழுந்து போய் வயரைச் சொருகினா மேட்டர் ஓவர். ஆனா, நீங்க காலேஜ்ல, அப்பா அம்மா ஆபீஸ்ல, வீட்ல பாட்டி மட்டும்னா? முட்டி வலியோட எழுந்து வந்து, கண்ணாடியைத் தேடி, எந்த வயரை எங்கே சொருகணும்னு பார்க்கிறது அவங்க வேலையா? அந்த வீட்டுக்கு ‘தானா ஸ்டார்ட் ஆகுற’ மோட்டார்தான் சரி. இருபது மணி நேரம் ஓடக்கூடிய பவர் பேங்க்கை ஆன் பண்ண ஆளில்லைன்னா, அது ஓடுறது பூஜ்யம் மணி நேரம்!

‘மீன் எனக்கு, வேலை அம்மாவுக்கு’ன்னு தொட்டி வாங்கினவங்க நம்ம செட்ல நிறையப் பேரு. மீன் உங்க ஆசை. அப்ப அதோட மூச்சும் உங்க பொறுப்புதான், பாஸ்.

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரைக்கும் நிரப்பினாலே 56 லிட்டர்தான். அதுக்குள்ள ஆறு கோல்டு ஃபிஷ்ஷை அடைச்சிருக்கீங்கன்னா, உலகத்துலயே பெஸ்ட் பேக்கப் வாங்கினாலும் டென்ஷன்தான். கோல்டு ஃபிஷ் பெருசா வளரும், ஆக்ஸிஜனையும் அள்ளிக் குடிக்கும். கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போனா கலரைப் பார்த்து மயங்கி இன்னும் ரெண்டு ஜோடி கேட்காதீங்க. கூட்டம் குறைஞ்ச தொட்டிதான் காசு செலவே இல்லாத பேக்கப். ஒரே ஒரு ஃபைட்டரோ, ஒண்ணு ரெண்டு கௌராமியோ வளர்க்கிறீங்களா? நீங்க கொடுத்து வெச்ச ஆளு. அதுங்க மேல வந்து நேரா காத்தையே சுவாசிக்கிற ஜாதி. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டா போதும்.

உஷார், உஷார்!

ஏர் மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே, ஷெல்ஃப்ல வெச்சிருக்கீங்களா? மோட்டார் நின்னதும் டியூப் வழியா தண்ணி ரிவர்ஸ்ல இறங்கும். மோட்டாருக்குள்ள, அப்படியே பிளக் வரைக்கும் போகும். கரன்ட் திரும்பி வர்றப்ப... வேண்டாம், சொல்லவே பயமா இருக்கு. தண்ணி மட்டத்துக்கு மேல மோட்டாரை வெய்யுங்க. முடியலைன்னா டியூப்ல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்க. ஒரு டீ, சமோசா காசுலயே கிடைக்கும். காத்து போற திசையைப் பார்த்து மாட்டணும், திருப்பி மாட்டினா முட்டையே வராது.

வயரை பிளக் பாயின்ட்டுக்குக் கீழே கொஞ்சம் தொங்கிட்டு மேலே ஏறுற மாதிரி விடுங்க. வயர்ல வழியுற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது. பவர் பேங்க்கைத் தொட்டி மூடி மேல வெக்காதீங்க. பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ, மூடின பால்கனியிலேயோ ஓட்டவே கூடாது. அதோட புகையில கார்பன் மோனாக்ஸைடு இருக்கு. மீனைக் காப்பாத்தப் போய் மனுஷன் போயிடுவான்.

ஒண்ணுமே இல்லைன்னா?

கையில பேக்கப் இல்லையா? கையே பேக்கப்! ஒரு சுத்தமான மக் எடுத்து, தொட்டித் தண்ணியையே மொண்டு, ஒரு சாண் உயரத்துலேர்ந்து திரும்ப ஊத்துங்க. டீக்கடை மாஸ்டர் டீ ஆத்துற மாதிரி! கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஆத்தினா போதும். மீன் மேல வந்து வாயைத் திறக்க ஆரம்பிச்சுட்டா இடைவெளியைக் குறைச்சுக்குங்க. அம்மாவோட போனுக்கு அவசர பதிலும் இதுதான்.

தொட்டி மூடியைத் திறந்து வெய்யுங்க. சாப்பாடு போடாதீங்க. ஆரோக்கியமான பெரிய மீன் ரெண்டு மூணு நாள் பட்டினி தாங்கும். போட்ட தீனி மிஞ்சி அழுகினா, இருக்கிற ஆக்ஸிஜனையும் அதுவே தின்னுடும். செடித் தொட்டிக்காரங்க கவனிக்க: இருட்டுல செடியும் ஆக்ஸிஜன்தான் எடுத்துக்கும். ஈஸ்ட், சர்க்கரை போட்டு கார்பன்-டை-ஆக்ஸைடு பாட்டில் செட்டப் வெச்சிருந்தா, அதுக்கு ஸ்விட்ச் கிடையாது. டியூபை உடனே வெளியே எடுத்துடுங்க.

புயல் அறிவிப்பு வந்தா, பவர் பேங்க், ரீசார்ஜபிள் மோட்டார் எல்லாத்தையும் ஃபுல் சார்ஜ் பண்ணுங்க. ரெண்டு மூணு பக்கெட் தண்ணி பிடிச்சு, ஆன்ட்டி-குளோரின் போட்டு மூடி வெய்யுங்க. தீனியை ஒரு நாள் முன்னாடியே நிறுத்துங்க. ரெண்டு நாள் தாண்டியும் கரன்ட் வரலைன்னா, தினமும் கால் பங்கு தண்ணி மாத்துங்க. புதுத் தண்ணில ஆக்ஸிஜன் வரும், பழைய தண்ணியோட கழிவு போகும். சார்ஜ் தீர்ந்துடும்னு பயமா? மோட்டாரை அரை மணி ஓட்டி, அரை மணி நிறுத்துங்க. இருபது மணி நேரம் நாப்பதா நீளும். மீன் மேல வர ஆரம்பிச்சா மட்டும் நிறுத்தாதீங்க.

கரன்ட் வந்தாச்சு! உடனே ஃபில்டரை ஆன் பண்ணிடாதீங்க. மூடின டப்பா டைப் ஃபில்டர் பல மணி நேரம் நின்னிருந்தா, உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்து, தண்ணி கெட்டுப்போயிருக்கும். ஆன் பண்ணினா அந்த நாத்தம் மொத்தமும் தொட்டிக்குள்ள வரும். முதல்ல திறந்து அந்தத் தண்ணியைக் கீழே கொட்டுங்க. உள்ளே இருக்கிற பஞ்சை, தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலேயே அலசிட்டு மாட்டுங்க. குழாய்த் தண்ணியில அலசினா, மிச்சமிருக்கிற பாக்டீரியாவையும் குளோரின் காலி பண்ணிடும். இந்தத் தலைவலியே வேண்டாம்னா ஏர் மோட்டார்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிடுங்க. அப்ப ஒரே பேட்டரி மோட்டார்ல மீனுக்கும் மூச்சு, பாக்டீரியாவுக்கும் மூச்சு.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஹோம்வொர்க். தொட்டியோட ஸ்விட்சை ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணிட்டு, பக்கத்துலயே உட்காருங்க. பேக்கப் தானா கிளம்புதா? முட்டை வருதா? டியூப்ல தண்ணி இறங்குதா? மீன் எத்தனை நிமிஷத்துல மேல வருது? நோட்டுல எழுதி வெய்யுங்க. அப்புறம் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டு ஒரு தடவை காட்டிடுங்க. இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் அரியர் வெக்காதீங்க மக்களே... இதுல ரீ-எக்ஸாம் கிடையாது!

அடுத்த வாரம் பார்க்கலாம். வரட்டா?